மணிக்கட்டுக்குள் ஒரு மாட்டுக் குழாய்

கண்ணாடி சரியும்போது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் கையை நீட்டினேன். பாடாங் செராய் ஊரின் கடைவரிசையில் இருக்கும் என் சின்ன அழகு நிலையத்தின் ஆளுயரக் கண்ணாடி அது. அதைத் தாங்கியிருந்த ஆணி துருப்பிடித்திருப்பதைப் பல நாளாகப் பார்த்தும் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டிருந்தேன். சாய்ந்த வேகத்தில் என் வலது மணிக்கட்டின் உட்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தரையில் நொறுங்கியது. நல்ல வேளை, அப்போது கடையில் வேறு யாரும் இல்லை.

ரத்தத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டு பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட்டினார். வழி முழுக்க அவரைத்தான் நான் சமாதானப்படுத்திக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, சும்மா இருக்காமல், வெட்டுப்பட்ட கையின் கட்டை விரலால் சுட்டு விரலைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. மறுபடி தொட்டேன். யாரோ ஒருத்தியின் விரல்களை நான் வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

என் பிழைப்பு அந்த விரல்களில் இருந்தது. கல்யாணப் பெண் அலங்காரம், முடி வெட்டு, பேஷியல் எல்லாம் செய்வேன்தான். ஆனால் ஊருக்குள்ளிருந்தும் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்தும் பெண்கள் என்னைத் தேடி வந்தது த்ரெடிங்குக்காக. புருவம் எடுக்க ஒரு பருத்தி நூல் போதும். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடுவில் முறுக்கு விட்டு, இரண்டு கை விரல்களாலும் விரித்து விரித்து மூட வேண்டும். முறுக்கு முடியைப் பிடிக்கிறதா, தோலைக் கவ்வுகிறதா என்று விரல்தான் சொல்லும். கண் சொல்வதற்குள் தோல் வெட்டுப்பட்டுவிடும். அதுவும் இமைக்கு மேலே இருக்கிற தோல் வெங்காயச் சருகு மாதிரி. மரத்துப்போன விரலோடு இன்னொருத்தியின் கண்ணுக்குப் பக்கத்தில் நூலைக் கொண்டுபோக முடியாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தாமான் குடியிருப்பில் ஒரு வாடகை வீட்டில் அக்காவும் நானும் மட்டும். கடைக்காரி என்ற பெயரைத் தவிர ஊரில் எனக்கு வேறு பெயர் கிடையாது.

கையைப் பார்த்த அறுவை டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி, என்னைவிட வயதில் சின்னவர். அவசரப்படாமல் மலாயில் விளக்கினார். அறுந்த தசைநார்களைத் தைத்துவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. கட்டை விரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு அறுந்திருக்கிறது. அதன் இரண்டு முனைகளும் நைந்திருக்கின்றன. நைந்ததை வெட்டி எடுத்தால் நடுவில் இடைவெளி விழும். இழுத்துத் தைத்தால் அந்த இழுப்பிலேயே நரம்பு கெட்டுப்போகும். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போடலாம், ஆனால் பாதத்தின் ஓரம் மரத்துப்போகும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு சின்னக் குழாய். அதன் இரண்டு வாயிலும் நரம்பின் இரண்டு முனைகளையும் செருகித் தைத்துவிட்டால், மேல் முனையிலிருந்து நரம்பு துளிர்விட்டு, குழாய்க்குள் ஊர்ந்து, அந்தப் பக்கம் போய்ச் சேரும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். பிறகு குழாய் தானாகவே கரைந்துவிடும். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“நீங்க இந்து, அதனால சொல்லியாகணும். இந்தக் குழாய் மாட்டோட தசைநார்ல இருந்து எடுத்த புரதத்துல செஞ்சது. இப்ப எங்ககிட்ட இதுதான் இருக்கு. வேணாம்னா கால்ல இருந்து எடுக்கலாம். உங்க விருப்பம்” என்றார்.

நான் மாட்டிறைச்சியை வாயில் வைத்ததில்லை. நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு ஊற்றுகிற கரண்டி எந்தச் சட்டியிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்துத்தான் தட்டை நீட்டுவேன். தகவல் கேட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து என்னை ஆளாக்கியவள், இப்போது ஒரு பாலர் பள்ளியில் சமைக்கிறாள். எதற்கெடுத்தாலும் அம்மன்தான் அவளுக்கு.

“மாடா? மாட்டையா உள்ள வெச்சுத் தைக்கப் போறாங்க?” என்று என்னிடம் கேட்டாள்.

“குழாய்க்கா. கொஞ்ச மாசத்துல கரைஞ்சிரும்.”

“கரைஞ்சு எங்கடி போகும்? ஒன் ஒடம்புலதான போகும்? அதுக்குப் பேசாம சாப்புட்டே போயிரலாம் லா.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. கை போய்விடுமோ என்று நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குத் தீட்டுக் கவலை. காலிலிருந்து எடுக்கச் சொல்லு, காலில் எடுக்கச் சொல்லு என்று நச்சரித்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். ஒரு இடம் செத்துப்போனதற்கே நடுநடுங்கிக்கொண்டிருந்தேன், இன்னொரு இடத்தையும் மரத்துப்போக வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லி, நீட்டிய தாளில் இடது கையால் கிறுக்கினேன். அக்கா வெளியே போய்விட்டாள். அங்கே தாழ்வாரத்தில் நின்றபடி அவள் என்ன செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுவையின்போது என்னைத் தூங்க வைக்கவில்லை. கை மட்டும் மரத்துப்போகத் தோளில் ஊசி போட்டார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் மதியம் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். கையை மடக்கி நெஞ்சில் வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. தலையைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சில் கை இல்லை. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையில் அது நீண்டு கிடந்தது. என் உடம்பிலிருந்து ஒரு உறுப்பு எனக்குச் சொல்லாமலே எழுந்து போய்விட்டது என்று நினைத்துப் பயந்து போனேன். தாதியிடம் கை இருக்கிறதா, இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இருக்கு மா, இருக்கு மா என்று அவரும் சலிக்காமல் சொன்னார்.

கட்டைப் பிரித்த பிறகு பயிற்சி ஆரம்பமானது. கைப் பயிற்சி கொடுத்தவர் ஒரு சீனத் தம்பி, அமைதியானவர். முதல் நாளே என்னை நேராகப் பார்த்து ஒன்று சொன்னார்: இந்தக் கை சூட்டையும் வெட்டையும் உங்களுக்குச் சொல்லாது, அதனால் கையை எப்போதும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். பிறகு ஒரு விரல் நுனியால் மணிக்கட்டுத் தழும்பின் மேல் தட்டினார். உள்ளங்கைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்றது. எந்த இடத்தில் தட்டும்போது சுரீர் என்கிறதோ அதுவரைக்கும் நரம்பு வந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த இடம் ஒவ்வொரு முறையும் விரல் பக்கம் கொஞ்சம் நகர வேண்டும்.

வீட்டில் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஒருநாள் குளியலறைக் கதவு சாத்த மாட்டேன் என்றது. சனியன் பிடித்த கதவு என்று திட்டிக்கொண்டே இடது கையால் பலமாக அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். கீழே பார்த்தால் என் வலது சுட்டு விரல் கதவிடுக்கில் நசுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கதவு, கத்தி, அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதைப் பார்த்தாலும் விலகி நின்றேன். தூங்கும்போது வலது கையைத் தலையணை உறைக்குள் விட்டுக்கொண்டு தூங்கினேன். எறும்பு கடித்தாலும் தெரியாதே என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பல்லி, பிறகு எலி என்று பயம் வளர்ந்துகொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் அக்கா வாயைத் திறந்தாள். தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வருகிறது, அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று நேர்ந்துகொண்டேன், நீ தீச்சட்டி எடுக்க வேண்டும் என்றாள். நாங்கள் பிறந்த தோட்டம் அது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள், செம்பனை மரங்களுக்கு நடுவே கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லோரும் தாமான்களிலிருந்து திரும்பி வருவார்கள்.

“யாரக் கேட்டு என் கைய நேர்ந்துக்கிட்ட?” என்றேன்.

“என்னக் கேட்டா நீ மாட்ட வெச்சுக்கிட்ட?”

“கை நல்லாவட்டும்க்கா. அடுத்த வருஷம் எடுக்கிறேன்.”

“கை பொழைச்சதுக்கு இல்லடி இது. மாட்ட உள்ள விட்டதுக்கு. மன்னிப்புக் கேக்கறத அடுத்த வருஷம்னு தள்ளிப்போட முடியாது.”

சண்டை போட்டேன். தட்டைத் தூக்கி எறிந்தேன், உடையாத தட்டு என்று தெரிந்துதான் எறிந்தேன். பிறகு பயிற்சிக்குப் போனேன். சீனத் தம்பி தட்டினார். போன முறை சுரீர் என்ற அதே இடத்தில்தான் சுரீர் என்றது. அதற்கு முந்தைய முறையும் அங்கேதான். அவர் மறுபடி தட்டினார். நரம்பு நின்றுவிட்டதா என்று கேட்டேன். சில பேருக்கு மெதுவாகும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். அந்தப் பொறுத்துப் பார்ப்போம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவின் பேச்சு மண்டைக்குள் ஓடியது. உள்ளே இருக்கிற மாடு வழிவிடவில்லையோ? நரம்பு பாதி தூரம் வந்து அங்கேயே நிற்கிறதோ? இதையெல்லாம் நம்பினாயா என்று கேட்டால் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். பயந்தேன். பயந்தவள் எதற்கும் தலையாட்டுவாள், நானும் ஆட்டினேன்.

விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, தோட்டத்து ஓடைக்கரையில் நின்றேன். பூசாரி என் தழும்பைப் பார்த்துவிட்டு, “கை தாங்குமா மா?” என்று கேட்டார். நான் சொல்வதற்குள், “தாங்கும், அம்மா பாத்துக்குவா” என்று அக்கா முந்திக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையிலும் வேப்பிலையைப் பரப்பி, மேலே நெருப்பெரியும் மண்சட்டியை வைத்தார்கள். உறுமி முழங்கியது. செம்மண் பாதையில் நடக்க ஆரம்பித்தேன்.

இடது கைக்கு எல்லாம் தெரிந்தது. சட்டியின் சூடு வேப்பிலையைத் தாண்டி இறங்க இறங்க, ஐயோ, ஐயோ என்று அது கதறியது. வலது கை கம்மென்று இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், யாராக இருந்தாலும் செய்திருப்பதைத்தான் செய்தேன். சட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் சாய்த்தேன். கத்துகிற கையிலிருந்து பாரத்தை எடுத்துக் கத்தாத கைக்குக் கொடுத்தேன். இடது கை அடங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சில அடி தூரம் போன பிறகுதான் அந்த நிம்மதி எதனால் என்பது உறைத்தது. கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சட்டிக்கு அடியில் இருக்கிற கையை எப்படிப் பார்ப்பது?

நிறுத்தலாம் என்றால் பாதை இரண்டு பக்கமும் ஜனம். சட்டியை நடுவழியில் இறக்கினால் அபசகுனம். முன்னால் உறுமி, பின்னால் அக்கா. “மொகத்தப் பாரு, ஒரு சுளிப்பு இல்ல” என்று யாரோ ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. “ஆஸ்பத்திரில ஆப்ரேசன் செஞ்ச கை அது. அந்தக் கையிலயே தாங்குறா பாரு, அம்மா எறங்கிட்டா” என்றார் இன்னொருவர். கைக்குழந்தையோடு ஒரு பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். என் மேல் எதுவும் இறங்கவில்லை, எனக்கு உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தேன். வேப்பிலை கருகும் வாசம் வந்தது. அதோடு சேர்ந்து வேறு ஒரு வாசமும் வந்தது, அது என்ன என்று யோசிக்கக் கூடாது என்று நடந்தேன். வாழ்க்கையில் அதைப்போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

கோயில் வாசலில் சட்டியை வாங்கிக்கொண்டார்கள். இடது கை வேப்பிலை தானாக உதிர்ந்தது. வலது கை வேப்பிலை உதிரவில்லை. சுட்டு விரலிலும் நடு விரலிலும் அதற்குக் கீழே உள்ளங்கை மேட்டிலும் இலை தோலோடு ஒட்டியிருந்தது. பெண்கள் என் கையால் திருநீறு வாங்க நெருங்கி வந்தார்கள். முதலில் பார்த்தது அக்காதான். அவள் முகம் அப்படியே இடிந்து விழுந்தது. தன் முந்தானையை என் கையில் சுற்றி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

கிளினிக்கில் கட்டுப் போட்ட தாதி, சமைக்கும்போதா என்று கேட்டார். இல்லை, சாமிக்கு என்றேன். புண்ணைச் சுத்தம் செய்யும்போது நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்மணிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சீழ் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கையைத் தைத்த அதே டாக்டர் வந்தார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கிச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து அந்தச் சிவப்பின் எல்லையில் தோலின் மேலேயே ஒரு கோடு போட்டார். மருந்து வேலை செய்தால் சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டாது. தாண்டி மணிக்கட்டுக்குள் போனால் உள்ளே தைத்த எல்லாமே கெட்டுப்போகும் என்றார்.

“கொழா இன்னும் இருக்கா, கரைஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

“திறந்தாதான் தெரியும். திறக்க நான் விரும்பல” என்றார்.

அக்காவும் நானும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வார்டில் வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. வெளிச்சம் மாறும்போதெல்லாம் சிவப்பு தாண்டிவிட்ட மாதிரி தெரியும், அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பாள். தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறையைப் பொறுக்கிய கண்கள் அவளுக்கு. “தாண்டல” என்பாள். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்பேன், அவள் குனிந்து பார்ப்பாள், “தாண்டல.” அவள் சோறு தொடவில்லை. ஒரு மத்தியானம் கோட்டைப் பார்த்தபடியே, “ஒன் கைய நான்தான சுட்டேன்” என்றாள்.

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்காக அவள் பட்டது எவ்வளவோ. ஆனால் அப்போது எனக்குள் இருந்தது பயமும் கோபமும் மட்டும்தான்.

“ஆமா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் நான் கேட்டபோதெல்லாம் குனிந்து பார்த்துத் தாண்டவில்லை என்று சொன்னாள். சிவப்பு கடைசிவரை கோட்டைத் தாண்டவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பின்வாங்கியது. டாக்டர் ஸ்பிரிட் தொட்டுக் கோட்டை அழித்த அன்றுதான் அக்கா கேண்டீனுக்குப் போய் ஒரு மீ கோரேங் வாங்கிச் சாப்பிட்டாள்.

உணர்ச்சி இல்லாத தோல் சீக்கிரம் ஆறாது. புண் ஆறுவதற்கே மாதக்கணக்கில் ஆனது. வீட்டில் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். சீனத் தம்பி பழையபடி தட்டினார். சுரீர் என்கிற இடம் நகர ஆரம்பித்தது. உள்ளங்கை நடுவுக்கு வந்தது, விரலடிக்கு வந்தது. ஒரு காலையில் துணி அலசும்போது சுட்டு விரலுக்குள் எறும்புகள் ஊர்ந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

பயந்தது சரியாகப் போயிற்று. அடுத்த பயிற்சியில் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அவர் எதையோ வைத்து என் விரலைத் தொட்டார். தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது, எவ்வளவு காலம் கழித்துத் தெரிந்தது. எந்த விரல் என்றார். நடு விரல் என்றேன். கண்ணைத் திறந்தால் அவர் சுட்டு விரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். மறுபடி மூடினேன். கட்டை விரல் என்றேன், அது நடு விரல். உணர்ச்சி வந்திருக்கிறது, இடம் மாறி வந்திருக்கிறது. குழாய்க்குள் நுழைந்த நரம்பிழைகளுக்கு வீட்டு நம்பர் தெரியாது, கிடைத்த பாதையில் கிடைத்த விரலுக்குப் போய்விடும் என்று அவர் மலாயில் சொன்னார். இனி மூளைதான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். முழுசாகச் சரியாகுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, பழகுங்கள் என்றார்.

பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு அரிசிக்குள் பட்டன் தேடினேன், துணியையும் உப்புத்தாளையும் தடவித் தடவிப் பார்த்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் கால் முடியையே எடுத்துப் பார்த்தேன். நல்ல நாளில் விரல் சொன்னது சரியாக இருந்தது. கெட்ட நாளில் நூல் தளர்வாக இருக்கிறது என்று விரல் சொல்லும், நான் இறுக்குவேன், காலில் ரத்தம் எட்டிப் பார்க்கும். அந்தக் காலை நான் ஒரு பெண்ணின் இமையாக நினைத்துப் பார்ப்பேன். நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

வாடிக்கைப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பக்கத்துக் கைத்தொலைபேசிக் கடைக்காரர், தன் கடையைப் பெரிதாக்க என் இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல மனிதர். புதன்கிழமை சொல்கிறேன் என்றேன். புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்து, நூற்கண்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்தால் எடுத்துப் பார்ப்பது, முடியாவிட்டால் சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரும் வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தாள். பாலர் பள்ளியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், சேலையில் வெங்காய வாடை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தரம்கூடப் புருவம் எடுத்தவள் இல்லை. சாமி கொடுத்த முடியைப் பிடுங்கிப் போடுவதா என்று கேட்பாள். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எடு” என்றாள்.

“வேணாம்க்கா. கண்ணு பக்கம்.”

“எடு லா. ஒரு மணிக்குப் பசங்களுக்குச் சாப்பாடு போடணும் நான்.”

அவள் தலையைப் பின்னால் சாய்த்தேன். பவுடர் போட்டேன். இமையை ஒரு கையால் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தாள். நூலைக் கடித்து, முறுக்கி, குனிந்தேன். என் மூச்சு என் காதிலேயே இரைந்தது. முதல் இழுப்பு, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதில் நூல் தளர்வாக இருக்கிறது என்றது விரல். நான் இறுக்கினேன். இமைக்கு மேலே ஒரு பொட்டு ரத்தம் வந்து நின்றது.

நூல் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. “ரத்தம்க்கா” என்றேன்.

அவள் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. அவளுக்கும் என்னைப் போலவே பயம்.

“இன்னும் எடு” என்றாள்.

“முடியாதுக்கா. வெரல் பொய் சொல்லுது. இறுகுனது எனக்குத் தெரியல.”

“ஒனக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுது இல்ல? வெரலக் கேக்காத, என்னக் கேளு. வலிச்சா நான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நூலை எடுத்துப் பல்லில் கடித்தேன். முறுக்கை அவள் புருவத்தில் வைத்து விரல்களை விரித்தேன்.

“வலிக்குது” என்றாள்.

நான் நூலைத் தளர்த்தினேன்.